பைரேட்ஸ் உரிமையாளர் பாப் நட்டிங்கின் கணக்குப்பிள்ளைகளாக நாம் எப்போது ஆனோம்?

பிட்ஸ்பர்க்கிலும் சுற்றுவட்டாரத்திலும் பைரேட்ஸ் ஆட்டம் பார்க்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம்.

நம் பேஸ்பால் அணியின் 2025 சீசன் முடிந்து ஒன்றரை மாதம் ஆகிறது. 71 வெற்றி, 91 தோல்வி. அதைப் பற்றிப் பேச யாருக்கும் தெம்பு இல்லை, நியாயம்தான். அதனால் எல்லோரும் கானர் கிரிஃபினைப் பற்றிப் பேசுகிறோம். பத்தொன்பது வயது. ஏப்ரலில் ஃப்ளோரிடாவில் பிரேடன்டன் அணியில் தொடங்கி, அங்கிருந்து கிரீன்ஸ்போரோ, அப்புறம் நம் பக்கத்து ஊர் ஆல்டூனா என்று ஒரே வருஷத்தில் மூன்று படி ஏறியவன். .333 பேட்டிங் சராசரி, 21 ஹோம் ரன், 65 முறை பேஸ் திருட்டு. மேஜர் லீக்குக்குக் கீழ்ப்படியான மைனர் லீக் முழுவதிலும் இவனைவிடப் பெரிய நம்பிக்கை இன்று வேறு யாரும் இல்லை என்கிறார்கள். பேசாமல் இருக்க முடியுமா? பேசலாம். நாம் பேசும் விதம்தான் எனக்குப் பிடிபடவில்லை.

"ஏப்ரல் மூன்றாவது வாரம் வரை இண்டியானாபொலிஸில் போட்டு வைக்கட்டும். ஒரு வருஷம் லாபம்."

பென் ஹில்ஸ் பெருமாள் கோயில் கேண்டீனில், கையில் புளியோதரைத் தட்டோடு நின்றபடி ஒருவர் இதைச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். யாருக்கு லாபம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

புதிதாகப் பார்க்க ஆரம்பித்தவர்களுக்காக அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இண்டியானாபொலிஸில் இருப்பது மேஜர் லீக்குக்கு ஒரே படி கீழே உள்ள நம் அணி. மேஜர் லீக் சீசன் ஏறக்குறைய 187 நாள். அதில் 172 நாள் மேஜர் லீக் பட்டியலில் இருந்தால் ஒரு ஆட்டக்காரருக்கு ஒரு வருஷ சர்வீஸ் சேரும். ஆறு வருஷம் சேர்ந்தால் அவர் சுதந்திரப் பறவை, எந்த அணிக்கும் போகலாம். அதுவரை அவரை எடுத்த அணியின் பிடியில்தான். முதல் மூன்று வருஷம் பெரும்பாலும் குறைந்தபட்ச சம்பளம், அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே. 2026இல் அந்தக் குறைந்தபட்சம் 7,80,000 டாலர். ஆக, ஒரு இளைஞனை ஏப்ரலில் இரண்டு மூன்று வாரம் கீழே நிறுத்தி வைத்தால் அந்த வருஷம் முழு வருஷமாகக் கணக்கில் வராது. கிரிஃபின் சீசன் முதல் நாளே வந்தால் 2031 முடிந்ததும் விடுதலை. ஏப்ரல் கடைசியில் வந்தால் 2032. அந்த ஒரு வருஷத்தைத்தான் லாபம் என்கிறோம்.

இந்த வித்தையின் பாடப்புத்தக உதாரணம் சிகாகோ கப்ஸ். 2015இல் கிறிஸ் பிரையன்ட்டை ஏப்ரல் 17ஆம் தேதிதான் மேலே கொண்டுவந்தார்கள். அந்த வருஷம் அவருக்கு 171 நாள் சேர்ந்தது. ஒரே ஒரு நாள் குறைவு! அவர் முறையீடு செய்து, 2020இல் தோற்றார். கப்ஸுக்குக் கூடுதலாக 2021ஆம் வருஷம் கிடைத்தது. அந்த வருஷத்தை வைத்து என்ன செய்தார்கள்? ஜூலை மாதமே அவரை சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தள்ளிவிட்டார்கள். அணியின் நன்மைக்காக என்று 2015இல் வாதாடிய கப்ஸ் ரசிகனுக்கு, மிச்சம் பிடித்த அந்த வருஷத்தில் கையில் வந்தது அரை சீசன் சொச்சம்.

நம் வீட்டிலும் இது நடந்திருக்கிறது. பிட்சர் (பந்து எறிபவர்) பால் ஸ்கீன்ஸ், புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், 2023இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். கையெழுத்துப் பணமே 92 லட்சம் டாலர். 2024 ஏப்ரலில் அவர் இண்டியானாபொலிஸில் பேட்டர்களைப் பொம்மையாக்கிக்கொண்டிருந்தார். தோளுக்கு வேலையைப் படிப்படியாகக் கூட்டுகிறோம் என்று அணி நிர்வாகம் சொன்னது. அதில் உண்மையும் இருந்திருக்கலாம், பிட்சர் விஷயத்தில் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நம்மில் பலர் அந்தக் காரணத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை. காலண்டரை வைத்து நாள் எண்ணி, "இன்னும் ஒரு வாரம் தாண்டினால் போதும்" என்று நிர்வாகத்துக்கு யோசனை சொன்னோம். மே 11ஆம் தேதி கப்ஸுக்கு எதிராக வந்தார். அப்புறம் என்ன? அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் விருதை வாங்கினார். 2022 ஒப்பந்தத்தில் ஒரு விதி சேர்த்திருக்கிறார்கள்: அந்த விருதுக்கான வாக்கில் முதல் இரண்டு இடத்தில் வருபவருக்கு, எப்போது வந்திருந்தாலும், முழு வருஷ சர்வீஸ் உண்டு. எண்ணிய நாளெல்லாம் காற்றோடு போயிற்று. ஸ்கீன்ஸ் 2029 முடிந்ததும் விடுதலை ஆவார், முதல் நாளே வந்திருந்தாலும் அதே 2029தான்.

இன்னொன்றும் உண்டு. இளம் ஆட்டக்காரர்களைத் தரவரிசைப்படுத்தும் பெரிய பட்டியல்களில் முதல் நூறு பேருக்குள் உள்ள ஒரு புதுமுகத்தைச் சீசன் தொடக்கத்திலேயே அணியில் சேர்த்து, அவர் அந்த விருதை வென்றால், அணிக்கு டிராஃப்டில் கூடுதலாக ஒரு வாய்ப்பு. சியாட்டில் ஹூலியோ ரோட்ரிகஸால் பெற்றது. பால்டிமோர் கன்னர் ஹெண்டர்சனால் பெற்றது. நமக்கு ஸ்கீன்ஸ் விஷயத்தில் அது இல்லை. கஞ்சத்தனத்தைக்கூடச் சரியாகச் செய்யவில்லை.

இதைவிட எனக்குச் சிரிப்பு வரும் விஷயம், 2032ஐப் பற்றி நாம் சண்டை போடுவது. ஆட்டக்காரர் சங்கத்துக்கும் உரிமையாளர்களுக்கும் இடையிலான இப்போதைய ஒப்பந்தமே 2026 டிசம்பர் 1ஆம் தேதி முடிகிறது. அதற்குப் பிறகு ஆறு வருஷ விதி இருக்குமா, 172 நாள் இருக்குமா, யாருக்குத் தெரியும்? இல்லாமல் போகக்கூடிய விதியை நம்பி, பாப் நட்டிங்கின் பணத்தை, சம்பளம் வாங்காமல் நாம் மிச்சம் பிடிக்கிறோம். பண்ணையார் உள்ளே தூங்கிக்கொண்டிருக்க, திண்ணையில் உட்கார்ந்து அவர் நெல்லுக்குக் கணக்கு எழுதும் கணக்குப்பிள்ளை மாதிரி. அந்தக் கணக்குப்பிள்ளைக்காவது மாசம் பிறந்தால் ஏதாவது கிடைக்கும்.

நாம் ஏன் இப்படி ஆனோம் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. 1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது சீசன் வெற்றியைவிடத் தோல்வி அதிகம். அமெரிக்காவின் பெரிய விளையாட்டுகளில் எந்த அணிக்கும் இப்படி ஒரு பெருமை கிடையாது. அத்தனை வருஷமும் நமக்கு விற்கப்பட்ட ஒரே சரக்கு எதிர்காலம். 2002இல் முதல் ஆளாக எடுத்த பிரையன் புல்லிங்டன் மேஜர் லீக்கில் வென்றது மொத்தமே ஒரு ஆட்டம், அதுவும் கான்சஸ் சிட்டி உடையில். 2007இல் மேட் வீட்டர்ஸ் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க, டேனியல் மாஸ்கோஸை எடுத்தோம். பிறகு 2018. ஜனவரியில் நம் நட்சத்திரங்கள் கெரிட் கோலும் ஆண்ட்ரூ மெக்கட்சனும் இரண்டு நாள் இடைவெளியில் வேறு அணிகளுக்குப் போனார்கள். ஜூலை கடைசி நாளில் கிறிஸ் ஆர்ச்சர் என்ற ஒரு பிட்சருக்காக டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் மூன்று பேரையும் டாம்பாவுக்குக் கொடுத்தோம். அந்தச் சூடு பட்ட பூனைகள் நாம். அதற்குப் பிறகு எந்த இளைஞனின் பெயரைச் சொன்னாலும் "கொடுத்துவிடாதே, வைத்துக்கொள், பூட்டி வை" என்பதே நம் முதல் பேச்சு.

சம்பள உச்சவரம்பு இல்லாத விளையாட்டில் சின்ன ஊர் அணி வேறு எப்படிப் பிழைக்கும் என்றும் கேட்பீர்கள். கேள்வி சரிதான். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குக் கிடைக்கும் தொலைக்காட்சிப் பணம் நமக்கு ஜென்மத்தில் கிடைக்காது. ஆனால் மில்வாக்கி நம்மைவிடப் பெரிய ஊரா என்ன? அவர்கள் இந்த வருஷம் 97 ஆட்டம் வென்றார்கள். நம் அணியின் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம் 2023இல் பிரையன் ரேனல்ட்ஸுக்குக் கொடுத்த 10 கோடியே 67 லட்சம் டாலர். அதுவும் எட்டு வருஷத்துக்கு. இதில் ஊர் சின்னது என்பதற்கு எவ்வளவு பங்கு, மனசு சின்னது என்பதற்கு எவ்வளவு பங்கு என்பதை நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

2013 அக்டோபர் 1 ராத்திரியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பிளேஆஃபின் முதல் படியான அந்த வைல்ட் கார்ட் ஆட்டத்தை நம்மில் யாரும் மறக்கவில்லை. கறுப்புச் சட்டை போட்ட கூட்டம், சின்சினாட்டி பிட்சர் ஜானி குவேட்டோவின் பெயரை இழுத்து இழுத்துக் கத்திய கத்து, அவர் கையிலிருந்து பந்து நழுவி விழுந்தது, அடுத்த பந்தையே ரஸல் மார்ட்டின் இடப்பக்கம் தூக்கி அடித்தது. எல்லாம் சரி. அன்றைக்கு முதல் ஹோம் ரன் யாருடையது? மார்லன் பேர்ட். முப்பத்தாறு வயது. ஆகஸ்ட் கடைசியில்தான் நியூயார்க் மெட்ஸிடமிருந்து வந்தவர். அவரை வாங்க நாம் கொடுத்தவர்களில் ஒருவன் டில்சன் ஹெரேரா என்ற பத்தொன்பது வயதுப் பையன். "எதிர்காலத்தை விற்றுவிட்டார்கள்" என்று அப்போதும் குரல் எழும்பியது. ஹெரேரா மேஜர் லீக்கில் அங்கங்கே வந்து போனார், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தாலும்தான் என்ன? இருபத்தோரு வருஷத்துக்குப் பிறகு இந்த ஊருக்கு வந்த ஒரே ஒரு ராத்திரிக்கு ஒரு பையனின் எதிர்காலத்தைச் செலவு செய்தார்கள். நான் அதை நல்ல செலவு என்பேன். ஆர்ச்சருக்கான செலவு மோசமான செலவு என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் செலவே செய்யாத பத்து வருஷம் இந்த இரண்டையும்விட மோசம். 2015க்குப் பிறகு நம் மைதானமான பிஎன்சி பார்க்கில் பிளேஆஃப் ஆட்டமே கிடையாது.

ஆகஸ்ட் கடைசியில் ஆல்டூனாவுக்குப் போயிருந்தேன். வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத ஓட்டம். அந்த மைதானத்தை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும்: வலப்பக்கச் சுவருக்குப் பின்னால் ஒரு பழைய ரோலர் கோஸ்டர் நிற்கும். கிரிஃபின் ஷார்ட்ஸ்டாப்பில், அதாவது இரண்டாவது மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில், நின்று தரையோடு உருண்டு வரும் பந்துகளை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்துகொண்டிருந்தான். ஆறடிக்கு மேலே நாலு அங்குலம். அந்த உயரத்துக்கு இடுப்பை அவ்வளவு தாழ்த்தி நிற்பதே அழகு. ஒவ்வொரு எறியிலும் முதல் பேஸ் ஆளின் கையுறை பட்டென்று சத்தம் போட்டது. பக்கத்தில் நின்ற ரெண்டாவது பேஸ் பையன் எறிந்தால் அந்தச் சத்தம் வரவில்லை. அவனும் இத்தனை வருஷம் இதற்காகத்தானே உழைத்தான் என்று தோன்றியது. கிரிஃபினுக்குக் கையெழுத்துப் பணம் 65 லட்சம் டாலர். மற்றவர்களில் பெரும்பாலோர் வாங்குவது அந்த மட்டத்தின் வருஷ சம்பளம், முப்பதாயிரம் டாலர் சொச்சம். 2023இல் மைனர் லீக் ஆட்டக்காரர்களின் சங்கம் முதல் ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் அதுவும் பதினாலாயிரத்தைத் தொடாது.

எனக்கு முன் வரிசையில் பைரேட்ஸ் தொப்பி போட்ட இரண்டு பேர், ஆட்டம் முழுக்க ஃபோனில் ஒரு பட்டியலைப் பார்த்தபடி, ஸ்கீன்ஸைக் கொடுத்தால் யாங்கீஸ் எத்தனை பேரைத் தருவார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மைதானத்தில் நடப்பதைப் பார்க்கவே இல்லை. நாட்டின் தலைசிறந்த இளைஞன் நூறடி தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தான்!

அந்தப் பேச்சு இப்போது நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. ஸ்கீன்ஸுக்குச் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது கிடைத்த செய்தி வந்தது போன வாரம்தான். வாக்களித்த ஒவ்வொருவரும் அவர் பெயரையே முதலில் எழுதினார்கள். ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்ட ரன் சராசரி 1.97. வெற்றி தோல்விக் கணக்கு மட்டும் 10க்கு 10. காரணம் எல்லோருக்கும் தெரியும், முப்பது அணிகளிலும் ரன் எடுப்பதில் கடைசி நாம்தான். இந்த வருஷம் அவர் சம்பளம் 8,75,000 டாலர். இதைக் கேட்டதும் நம் வாயில் வந்திருக்க வேண்டிய கேள்வி, "இந்த மனுஷனுக்குப் பின்னால் அடிக்க ஆள் எங்கே?" வந்த கேள்வி, "இவர் விலை உச்சத்தில் இருக்கும்போதே விற்றால் என்ன?" அவர் நம்மோடு இருக்க இன்னும் நான்கு முழு சீசன் இருக்கிறது, ஐயா.

பட்டியலில் பெயராக மட்டும் பார்த்தால் இப்படித்தான் பேச வரும். ஜேம்சன் டையோனை நினைத்துக்கொள்ளுங்கள். 2010 டிராஃப்டில் நாம் இரண்டாவது ஆளாக எடுத்த பிட்சர். முழங்கை அறுவை சிகிச்சை, பிறகு குடலிறக்கம் என்று இரண்டு முழு வருஷம் போயிற்று. 2016இல் ஒருவழியாக வந்தார். 2017 மே மாதம் விரைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, ஐந்து வாரத்தில் திரும்பி வந்து பந்து போட்டார். இவரையும் ஏமாற்றம் என்று பட்டியல் போட்டவர்கள் உண்டு. நம் நாட்டுக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ள நமக்கும் இரண்டு பேர் இருந்தார்களே, ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும். உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்களை ஒரு தொலைக்காட்சிப் போட்டி மூலம் கண்டுபிடித்து, 2008இல் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. அதற்கு முன் பேஸ்பாலைக் கையில் தொட்டதில்லை. பட்டேல் 2010இல் திரும்பினார். சிங் காயங்களோடு பல வருஷம் போராடிவிட்டுத் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். அவர்கள் மேஜர் லீக்குக்கு வரவில்லை என்று யாரும் வைதது கிடையாது. ஹென்றி டேவிஸ் மட்டும் 2021இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட பாவத்துக்கு ஒவ்வொரு அவுட்டுக்கும் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

ஒளித்து வைக்கும் வித்தைக்கு நம் அணி வரலாற்றிலேயே ஒரு கதை உண்டு. 1954இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் ஒரு பத்தொன்பது வயது போர்ட்டோ ரிக்கோ பையனை 10,000 டாலருக்கு எடுத்து, மான்ட்ரியால் அணியில் போட்டு வைத்திருந்தது. அன்றைய விதிப்படி, அவ்வளவு பணம் வாங்கியவனை மேலே வைத்துக்கொள்ளாவிட்டால் வருஷக் கடைசியில் வேறு அணி எடுத்துக்கொள்ளலாம். மற்றவர் கண்ணில் படக்கூடாது என்றே அவனை அதிகம் ஆடவிடவில்லை என்று சொல்வார்கள். வேறொரு பிட்சரைப் பார்க்கப் போன நம் ஆள் கிளைட் சுக்ஃபோர்த், ஆட்டத்துக்கு முன்னால் இவன் அவுட்ஃபீல்டிலிருந்து எறிந்ததைப் பார்த்தார். அவ்வளவுதான். அந்த வருஷம் கடைசி இடத்தில் இருந்ததால் முதலில் எடுக்கும் உரிமை நமக்கு. 4,000 டாலர். ரொபர்டோ கிளமென்டே இப்படித்தான் பிட்ஸ்பர்க்குக்கு வந்தார். வந்த முதல் வருஷம் பேட்டிங் சராசரி .255, சுமார்தான். ஆனால் ஆடினார், 124 ஆட்டம் ஆடினார்.

இன்றைக்கு அவர் எண் 21 என்பதற்காக பிஎன்சி பார்க்கின் வலப்பக்கச் சுவர் 21 அடி உயரம். இந்த வசந்தத்தில் அந்தச் சுவரில் இருந்த அவருடைய 21 அடையாளத்தின் மேல் ஒரு மது விளம்பரம் ஏறியது ஞாபகம் இருக்கிறதா? ஊரே கத்தியது. கிளமென்டே குடும்பமும் வருத்தம் தெரிவித்தது. சில நாளில் விளம்பரம் இறங்கி 21 திரும்பியது. தவறு நடந்துவிட்டது என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. ரசிகர்கள் ரசிகர்களாகக் கேட்டபோது நடந்தது இது. நாம் கணக்குப் போட்டுக் கொடுத்து நிர்வாகம் ஒரு பேட்டரையாவது வாங்கியிருக்கிறதா?

ஆகவே நான் கேட்பது இதுதான். இந்தக் குளிர்காலத்தில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கோயில் கேண்டீனில், குழந்தைகளின் லிட்டில் லீக் மைதானத்தில் பைரேட்ஸ் பேச்சு வந்தால், சர்வீஸ் நாள் எண்ணுவதை பொது மேலாளர் பென் செரிங்டனுக்கு விட்டுவிடுங்கள். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். கிரிஃபின் தயாராக இருந்தால் மார்ச் கடைசியிலேயே ஷார்ட்ஸ்டாப்பில் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். தயாராக இல்லை என்றால் அது அவன் ஆட்டத்தால் தெரியட்டும். ஸ்கீன்ஸுக்கும் இளம் பிட்சர் பப்பா சாண்ட்லருக்கும் பின்னால் ரன் எடுக்க இரண்டு நிஜமான பேட்டர்கள் வேண்டும், பணம் கொடுத்து வாங்கியவர்கள், "மலிவாகக் கிடைத்தார்" என்று விளக்கம் தேவைப்படாதவர்கள். அதற்காக மைனர் லீக்கிலிருந்து யாரையாவது கொடுக்க வேண்டியிருந்தால் கொடுக்கட்டும். கிரிஃபின் நீங்கலாக, அதில் நானும் பூனைதான்.

சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு நிர்வாகத்திலிருந்து புதுப்பிக்கும் கடிதம் வந்திருக்கும். புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. ஆனால் பதில் எழுதும்போது "எதிர்காலத்தை நம்புகிறோம்" என்று மட்டும் எழுதாதீர்கள். 2026இல் மூன்றாவது பேஸில் யார், வலப்பக்க அவுட்ஃபீல்டில் யார், அவர்களுக்கு எவ்வளவு கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு வரி தட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
வலப்பக்கச் சுவரை ஒட்டிய வரிசைகளில் உட்காரும் ஒரு பைரேட்ஸ் ரசிகன்
பிட்ஸ்பர்க், நவம்பர் 2025